இரண்டு பக்கமும் கதவு

உட்காரம்மா. இந்தப் பக்கமாக உட்கார், அங்கே சாரல் அடிக்கும். மணிநகருக்கு எந்தப் பஸ் என்றுதானே கேட்டில் நிற்கிற பெண்ணிடம் விசாரித்தாய்? இந்தியில்தான் கேட்டாய். ஆனால் அதற்கு முன்னால் போனில் அம்மாவோடு பேசிக்கொண்டு வந்தாயே, சாப்பிட்டாயா என்று அவர்கள் கேட்டது எனக்கே கேட்டது. தமிழ்க் குரல் காதில் விழுந்தால் நான் திரும்பிப் பார்க்காமல் இருக்க மாட்டேன். அகமதாபாத்துக்கு வந்து நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இன்னும் அந்தப் பழக்கம் போகவில்லை.

மணிநகருக்கு இந்தக் கதவில் வருகிற பஸ்ஸும் போகும், அந்தக் கதவில் வருகிற பஸ்ஸும் போகும். அதனால்தான் அவள் சொன்னது உனக்குப் புரியவில்லை. நம் ஊரில் போகிற பஸ்ஸுக்குச் சாலையின் இந்த ஓரம், வருகிற பஸ்ஸுக்கு அந்த ஓரம். இங்கே பி.ஆர்.டி.எஸ். என்று சாலைக்கு நடுவில் இப்படி மேடை கட்டிவிட்டார்கள். இரண்டு பக்கமும் கண்ணாடிக் கதவு. பஸ் வந்து ஒட்டி நின்றால்தான் திறக்கும். ஊரைச் சுற்றி வட்டமாக ஒரு தடம். இந்தக் கதவில் வருவது சர்க்குலர், அந்தக் கதவில் வருவது ஆன்டி சர்க்குலர். இதில் ஏறினால் அரைமணியில் மணிநகர். அதில் ஏறினால் ஊரின் மறுபாதியெல்லாம் சுற்றி, நரோடா வழியாகப் போய், அதே மணிநகர். அறிவுள்ளவர்கள் இதில் ஏறுவார்கள்.

என் பெண் அதில் ஏறுகிறாள்.

அதோ, அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டு, நமக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறாளே, நீலச் சுடிதார், அவள்தான். காந்திமதி. எங்கள் திருநெல்வேலி அம்மன் பெயர். இங்கே அக்கா என்கிற மாதிரி பென் என்பார்கள், ஆபீசில் எல்லோரும் காந்திபென் என்று கூப்பிடுகிறார்கள். காந்தி இருந்த ஊரில் ஒரு காந்திபென், நல்ல பொருத்தம்தான். நான் இன்னும் குட்டி என்றுதான் கூப்பிடுவேன். நாற்பது தாண்டிவிட்டது. அதனால் என்ன, எனக்குக் குட்டிதானே.

கேட்டால் கேட்கட்டும். மறைத்துப் பேச ஒன்றும் இல்லை. அவள் திரும்ப மாட்டாள். நாளையிலிருந்து நான் வரக்கூடாதாம். இன்று காலையில் சொல்லிவிட்டாள். இன்றைக்குத்தான் கடைசி. நான் இன்னும் பதில் சொல்லவில்லை. நீயே சொல், பெற்றவளை வராதே என்று சொன்னால் என்ன பதில் சொல்வது?

உன் ஊர் எது? தருமபுரியா. நல்ல வறண்ட வெயில். கல்யாணமாகி வந்தாயா? அவருக்கு இங்கே வேலை, உனக்கு இந்தப் பக்கம் ரத்தப் பரிசோதனை லேபில். சரி. தனியாகவா போய் வருகிறாய்? தைரியம்தான்.

நான் அவளைத் தனியாக விட்டதில்லை. விடவில்லை என்றால் கட்டிப்போட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. எங்கேயும் போகாதே என்று ஒருநாளும் சொன்னதில்லை. எங்கே போனாலும் கூடப் போவேன், அவ்வளவுதான். அவள் அப்பா இங்கே ஒரு மில்லில் ஸ்பின்னிங் மாஸ்டராக இருந்தார். மில்லை மூடினார்கள், அதற்கப்புறம் அவரும் நெடுநாள் இல்லை. அவர் போன மறுமாதம் இவள் வேலைக்குக் கிளம்பும்போது நானும் செருப்பை மாட்டினேன். ஏம்மா என்றாள். எனக்கும் கொஞ்சம் காற்று வேண்டாமா என்றேன். அன்றைக்கு ஆரம்பித்தது. காலையில் கூட வந்து ஆபீஸ் வாசலில் விட்டுவிட்டுத் திரும்புவேன். சாயங்காலம் மறுபடி வந்து கூட்டிப்போவேன். எட்டொன்பது வருஷமாக இந்தச் சிவரஞ்சனி நிறுத்தத்தில் என்னைத் தெரியாதவர்கள் இல்லை.

பெயரைப் பார்த்தாயா. சிவரஞ்சனி. சோகத்துக்கென்றே உண்டான ராகம். அதைக் கொண்டுவந்து கார்கள் ஹாரன் அடிக்கிற நாற்சந்திக்கு வைத்திருக்கிறார்கள். முதல் நாள், பதிவுசெய்த குரல் பஸ்ஸுக்குள் 'சிவரஞ்சனி' என்று அறிவித்தபோது, யாரோ பாடத் தொடங்கப்போகிறார்கள் என்று காத்திருந்தேன். அடுத்த நிறுத்தத்தின் பெயரைச் சொன்னார்கள்.

கேட்டில் நிற்கிறாளே, பானுபென், அவள் வாய் ரொம்ப நீளம். எங்கள் இரண்டு பேர் பஸ் கார்டும் என் பையில்தான் இருக்கும். குட்டி எதையும் தொலைத்துவிடுவாள். ஆறாவது படிக்கும்போது ஜாமெட்ரி பாக்ஸைத் தொலைத்தவள். அதனால் நான் அவள் கார்டை வைத்து அவளை உள்ளே அனுப்பிவிட்டு, என் கார்டை வைத்து நான் நுழைவேன். வெளியே போகும்போதும் அப்படித்தான், கார்டு காட்டாமல் கேட் திறக்காது. பானுபென் பார்த்துச் சிரிப்பாள். என்னை மாசி என்பாள், நம் ஊர்ச் சித்தி மாதிரி. "என்ன மாசி, உங்கள் பெண் இன்னும் பால்வாடிதானா?" என்பாள். நானும் சிரிப்பேன். குட்டி சிரிக்க மாட்டாள். அவளுக்கு இயல்பிலேயே சிரிப்பு குறைவு.

ஏன் கல்யாணம் ஆகவில்லை என்று கேட்க நினைக்கிறாய். கேட்கலாம், எல்லோரும் கேட்கிறார்கள். வராமலா இருந்தது? தூத்துக்குடிப் பையன் ஒருவன் வந்தான், துறைமுகத்தில் வேலை. அம்மா இல்லை. மாமியார் இல்லாத வீட்டில் இவளுக்கு யார் எடுத்துச் சொல்வார்கள் என்று வேண்டாம் என்றேன். அப்புறம் பரோடாவில் ஒரு நல்ல இடம். அங்கே அம்மா இருந்தாள், வாட்டசாட்டமாக. அவளிடம் போய் இவள் என்ன பாடு படுவாளோ என்று அதுவும் வேண்டாம் என்றேன். இன்னும் இரண்டு மூன்று வந்தன. எல்லாவற்றிலும் ஏதாவது ஒன்று. நல்லதாக ஒன்று வந்திருந்தால் நானா தடுத்திருப்பேன்?

சரி, நடந்ததைச் சொல்கிறேன். இந்த மழைக்காலம் தொடங்கின சமயம்.

அன்றைக்குச் சாயங்காலம் நல்ல மழை. இதே மேடையில்தான் நின்றோம், கால் வைக்க இடமில்லை. அவள் போன் நனைந்துவிடக் கூடாதென்று வாங்கி என் பைக்குள் வைத்துக்கொண்டேன். நம் பஸ் வந்தது. அதே நேரம் அந்தப் பக்கமும் பஸ் வந்து நின்றது. இரண்டு பக்கமும் கதவு திறந்தது. கூட்டமான நாளில் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. நான் முன்னால் ஏறி இடம் பிடிப்பேன், அவள் பின்னால் வருவாள். இந்த ஊரில் இடம் பிடிப்பதென்றால் என்னவென்றே தெரியாது. நம் ஊரில் ஒரு துண்டைப் போட்டுவிட்டால் போதும், அது யாருடைய இடம் என்று யாரும் கேட்க மாட்டார்கள். நான் ஏறி இரண்டு இடத்தைப் பார்த்து ஒன்றில் உட்கார்ந்து, மற்றதில் கைக்குட்டையை விரித்துப் போட்டேன்.

பஸ் கிளம்பிவிட்டது. ஒரே நெரிசல். பின்னால் எங்கேயோ மாட்டிக்கொண்டு நிற்கிறாள், மெல்ல வருவாள் என்று நினைத்தேன். ஒரு பெரிய அம்மாள், இரண்டு கையிலும் காய்கறிப் பை, இதில் யார் என்றாள். என் பெண் வருகிறாள் என்றேன். அடுத்த நிறுத்தத்தில் ஒரு கல்லூரிப் பையன். அவனிடமும் அதையே சொன்னேன். காய்கறி அம்மாளுக்குக் கோபம் வந்துவிட்டது. எங்கே உன் பெண், காட்டு பார்ப்போம் என்று குஜராத்தியில் சத்தம் போட்டாள். வருகிறாள், வருகிறாள் என்று நானும் சத்தம் போட்டேன். சுற்றி நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். கைக்குட்டை மேல் உள்ளங்கையை அழுத்தி வைத்துக்கொண்டேன். நாற்பது பேர் நிற்கிறார்கள், ஒரு காலி இடம், அதன் மேல் என் கை. என்ன சொன்னாலும் எடுக்கவில்லை.

நிறுத்தத்துக்கு நிறுத்தம் கூட்டம் இறங்கியது. காய்கறி அம்மாள் போகிற போக்கில் ஏதோ திட்டிவிட்டு இறங்கினாள். அப்புறம் பஸ் கடைசி வரைக்கும் தெரிந்தது. ஆறேழு பேர்தான். அவள் இல்லை.

இறங்கலாம் என்றால், இந்தப் பஸ் அடுத்த மேடை வரும்வரை எங்கேயும் கதவைத் திறக்காது. இரண்டு பக்கமும் கம்பி வேலி, அதற்கு அப்பால் மழையில் கார்கள். கத்தினாலும் நிற்காது. போன் செய்யலாம் என்று பையைத் திறந்தால், உள்ளே அவள் போன்தான் மினுங்குகிறது.

மணிநகரில் இறங்கினேன். வெளியே போகவில்லை. மேடையிலேயே உட்கார்ந்தேன். அப்போதுதான் மனம் கொஞ்சம் நிதானப்பட்டது. கார்டு என்னிடம் இருக்கிறது. கார்டு இல்லாமல் எந்த நிறுத்தத்திலும் கேட் அவளை வெளியே விடாது. எந்தப் பஸ்ஸில் ஏறினாலும், எங்கே மாறினாலும் இந்த வேலிக்குள்தான் சுற்ற வேண்டும். எங்கே போய்விடுவாள்? இங்கேதான் வர வேண்டும். அந்த நினைப்பு வந்ததும் எனக்கு மூச்சு விட முடிந்தது.

வெகுநேரம் கழித்து எதிர்ப்பக்கக் கதவு திறந்தது. இறங்கி வந்தாள். தவறுதலாக அந்தப் பக்கம் ஏறிவிட்டாயா, கூட்டத்தில் தள்ளிவிட்டார்களா, பயந்தாயா என்று நானே எல்லாவற்றையும் கேட்டேன். கையைப் பிடித்துப் பார்த்தேன், நடுங்குகிறதா என்று. நடுங்கவில்லை. அவள் என்ன சொன்னாள் தெரியுமா?

"ஜன்னல் சீட் கிடைச்சுதும்மா."

அவ்வளவுதான். குட்டி பஸ் மாறி ஏறிவிட்டாள், கார்டும் இல்லை போனும் இல்லை, நல்லவேளை நான் அங்கேயே இருந்தேன் என்று பக்கத்து வீட்டில் சொன்னேன். அவள் உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தாள். இல்லை என்று சொல்லவில்லை.

மறுநாளும் அந்தக் கதவுக்குப் போனாள். குட்டி, நம் பஸ் இது என்றேன். தெரியும்மா என்றாள். ஏறிவிட்டாள். அதற்கு மறுநாளும். கார்டைக் கேட்டாள். எதற்கு, நான்தான் வைத்திருக்கிறேனே என்றேன். இரண்டாவது தடவை கேட்கவில்லை. பானுபென்னிடம் விசாரித்துப் புதிதாக ஒன்று வாங்கிக்கொண்டாள். பழையது இன்னும் என் பையில் இருக்கிறது. பணம் போட்டு வைத்திருக்கிறேன். என்றைக்காவது கேட்டால் உடனே கொடுக்க வேண்டுமே.

நீ நினைப்பதைத்தான் நானும் நினைத்தேன். யாரோ ஒருவன் இருக்கிறான். நரோடாப் பக்கம் எவனோ ஏறுகிறான், அவனோடு உட்கார்ந்து பேசிக்கொண்டு வருகிறாள். இல்லாவிட்டால் சுற்றுவழியில் போவதற்கு யாருக்குப் பைத்தியம் பிடித்திருக்கிறது? ராத்திரி அவள் போனை எடுத்துப் பார்த்தேன். அம்மா பார்ப்பதில் தப்பென்ன. ஆபீஸ் பேச்சு, காஸ் புக்கிங், நான் அனுப்பிய குட்மார்னிங் படங்கள். ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லையென்றால் இன்னும் சந்தேகம் வராதா?

ஒருநாள் நானும் அதில் ஏறினேன். அவளுக்குத் தெரியாமல். முந்தானையைத் தலையில் போட்டு, மூக்கு வரை இழுத்துவிட்டுக்கொண்டேன், இந்த ஊர்க்காரி மாதிரி. அவள் முன் கதவில் ஏறினாள், நான் பின் கதவில். கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே வந்தேன். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஏறுகிற ஆம்பிளைகளை எல்லாம் பார்த்தேன். நெட்டையாக ஒருவன் அவள் பக்கத்தில் போய் நின்றான், இவன்தான் என்று எட்டிப் பார்த்தேன். இரண்டாவது நிறுத்தத்தில் இறங்கிப் போய்விட்டான். ஒரு கிழவர் உட்கார்ந்தார், இறங்கினார். ஒரு பள்ளிக்கூடப் பெண் உட்கார்ந்தாள், இறங்கினாள். யாரும் அவளோடு பேசவில்லை. அவளும் யாரோடும் பேசவில்லை. போனைக்கூட எடுக்கவில்லை. வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். வெளியே என்ன இருக்கிறது? பாலம், மூடின மில், டயர்க் கடை, மழைத்தண்ணீர்.

அப்புறம் தூங்கிவிட்டாள்.

ஜன்னலில் தலை சாய்ந்திருந்தது. பஸ் குலுங்கும்போது தலை இடிக்கிறது, ஆனாலும் விழிக்கவில்லை. வாய் லேசாகத் திறந்திருந்தது. சின்னக் குழந்தையில் தொட்டிலில் அப்படித்தான் தூங்குவாள். இத்தனை வருஷம் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்திருக்கிறாள், ஒருநாள்கூடக் கண்ணயர்ந்ததில்லை. நிமிர்ந்து, பையை மடியில் வைத்து, பரீட்சைக்குப் போகிறவள் மாதிரிதான் உட்கார்ந்திருப்பாள். அன்றைக்கு அப்படித் தூங்கினாள். எனக்குத் திருப்தியாக இருந்தது. நான் பின்னால் இருக்கிறேன் என்று அவளுக்கே தெரியாமல் உள்ளுக்குள் தெரிந்திருக்கும். துணை இருந்தால்தானே நிம்மதியாகத் தூக்கம் வரும்.

மணிநகர் வந்தது. அவளே விழித்துக்கொண்டாள். இறங்கி, மேடையில் எனக்கு முன்னால் நடந்தாள். திரும்பவே இல்லை. திரும்பாமலே சொன்னாள், "முந்தானையத் தலையில இருந்து எடும்மா, வேர்க்கும்."

எப்படித்தான் கண்டுபிடித்தாளோ. மறுநாளே டாக்டரிடம் கூட்டிப்போனேன். பஸ்ஸில் தூக்கம் வருகிறதென்றால் ரத்தம் குறைவாக இருக்கும். இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். நீ லேபில் இருக்கிறாய், உனக்குத் தெரியுமே. பரிசோதனையில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. இருந்தாலும் மாத்திரை கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

துணைக்குப் போவது எங்கள் வீட்டில் புதிதில்லை. நான் பாளையங்கோட்டையில் பி.ஏ. படித்தபோது என் அப்பா தினமும் டவுனிலிருந்து என்னோடு பஸ்ஸில் வருவார். வகுப்பு முடியும்வரை கல்லூரிக்கு எதிரே டீக்கடையில் பேப்பர் படித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கூடப் படித்தவர்கள் கேலி செய்வார்கள். எனக்கு அது பெருமையாகத்தான் இருந்தது. ஒரே ஒருநாள் அவருக்குக் காய்ச்சல். தனியாகப் போனேன். என்னமோ தோன்றி இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி நடந்தேன். வழியில் கொய்யா விற்றார்கள். ஒன்று வாங்கி, தெருவிலேயே கடித்துக்கொண்டு போனேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை. காற்று அடித்தது. இப்போது ஐம்பது வருஷமாகிறது, எத்தனையோ கொய்யா தின்றாயிற்று, அதுமாதிரி ஒன்று கிடைக்கவில்லை. சரி, அதை எதற்குச் சொல்கிறேன். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மறுநாள் அப்பாவுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது.

இந்த மழைக்காலம் முழுதும் இப்படித்தான் போயிற்று. சாயங்காலம் நான் இங்கே வருவேன். ஆபீஸ் வாசலிலிருந்து இந்த மேடை வரை சேர்ந்து நடப்போம். அவள் அந்தக் கதவு, நான் இந்தக் கதவு. நான் முன்னால் வீட்டுக்குப் போய்விடுவேன். அந்த நேரம்தான் எனக்குப் பிடிபடவில்லை அம்மா. சோறு வைத்தால் கால் மணி. விளக்கேற்றினால் ஐந்து நிமிஷம். அப்புறம்? ஒரு காலத்தில் நான் புத்தகமும் கையுமாக இருந்தவள். இப்போது ஒன்றைப் பிரித்தால் இரண்டாவது பக்கத்திலேயே கதவுச் சத்தம் கேட்டமாதிரி இருக்கிறது. எழுந்து போய்ப் பார்ப்பேன். யாரும் இருக்க மாட்டார்கள். வந்து உட்கார்ந்தால் மறுபடி முதல் பக்கத்திலிருந்து படிக்க வேண்டும். வீடு இரண்டு அறைதான். அந்த நேரத்தில் மட்டும் ரொம்பப் பெரிதாகிவிடுகிறது.

அதனால் அவளிடம் சொன்னேன், சாயங்காலம் நீ எப்படியோ போய்க்கொள், காலையில் மட்டும் நான் கூட வருகிறேனே என்று. விட்டுக்கொடுத்துத்தான் பேசினேன். அதற்குத்தான் இன்றைக்குக் காலையில் அந்தப் பதில். சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே சொன்னாள். குரலை உயர்த்தவில்லை. அவள் ஒருநாளும் உயர்த்த மாட்டாள், அப்படி வளர்க்கவில்லை.

"நாளையிலிருந்து நீ வர வேண்டாம்மா. காலையிலயும் வேண்டாம், சாயங்காலமும் வேண்டாம். நான் உன்னை விட்டுட்டு எங்கயும் போகல. ராத்திரி வீட்டுக்குத்தான் வரப்போறேன். இந்தப் பஸ்ல இருக்கற நேரம் மட்டும் எனக்கு வேணும்."

எங்கேயும் போகவில்லை என்று அவளே சொல்கிறாள். போகாதவளுக்கு எதற்குத் தனியாக நேரம்? அந்த நேரத்தில் அவள் ஒன்றும் செய்வதில்லையே, நான்தான் பார்த்தேனே. ஏதாவது செய்தாலாவது எனக்குப் புரியும். ஒருவன் இருந்திருந்தால்கூடப் புரிந்திருக்கும், பேசித் தீர்த்திருக்கலாம். சும்மா உட்கார்ந்திருப்பதற்கு நான் இருந்தால் என்ன இடைஞ்சல்? நானும் சும்மாதானே உட்கார்ந்திருக்கப்போகிறேன்?

டிபன் பாக்ஸில் புளியோதரை வைத்து மூடிக் கொடுத்தேன். அவளோடு வந்தேன். இப்போதும் வந்திருக்கிறேன். இன்றைக்கு வரலாம் அல்லவா, நாளையிலிருந்துதானே வேண்டாம் என்றாள்.

அதோ எழுந்துவிட்டாள். அவள் பஸ் வருகிறது. கண்ணாடியில் வெளிச்சம் தெரிகிறது பார்.

இரு அம்மா, நானும் இன்றைக்கு அதில் போகிறேன். கடைசி நாள் ஒன்றாகப் போனால் என்ன. பக்கத்தில்கூட உட்கார மாட்டேன், பின்னால் உட்கார்கிறேன். குட்டி, இரு. காந்திமதி.

…

பார்த்தாய் அல்லவா. நீயும் பார்த்தாய். முதலில் ஏறிவிட்டுத் திரும்பி, கதவில் குறுக்கே கையை வைத்துக்கொண்டு நின்றாள். "வேண்டாம்மா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, நீ கேட்டாயே. மெதுவாகத்தான் சொன்னாள். எனக்குத் தலை சுற்றும் என்று அவளுக்குத் தெரியும். அவ்வளவு கூட்டத்தில், ஈரத்தில், நான் விழுந்துவிட்டால்? அந்தப் பயம்தான் அவளுக்கு. என் மேல் அவளுக்கு எவ்வளவு அக்கறை என்று வெளியில் இருந்து பார்ப்பவர்களுக்குத் தெரியாது.

ஜன்னல் பக்கம் போய் உட்கார்ந்ததும் கையைத் தூக்கினாள். எனக்குத்தான் கையசைத்தாள். முடியை ஒதுக்கினமாதிரியும் இருந்தது. இரண்டு கண்ணாடிக்கு அப்பால் எதுவும் தெளிவாகத் தெரிவதில்லை. நீ பார்த்தாயா? கையசைத்தாள்தானே?

சரி. விடு.

ஒன்றும் இல்லை, கண்ணில் தூசி. இந்த மேடையில் காற்று ஒரே சுழற்றலாக இருக்கும்.

நீ நாளைக்கு எத்தனை மணிக்கு வேலைக்குக் கிளம்புவாய்? மணிநகரில் எந்தப் பக்கம் வீடு? ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னாலா, அப்படியென்றால் எங்களுக்கு நாலு தெரு தள்ளித்தான். புது ஊர். பாஷை தெரியாது. எந்தக் கதவில் ஏறுவதென்றே தெரியாமல் நின்றாய். நான் காலையில் உன் வாசலுக்கு வந்துவிடுகிறேன். சேர்ந்தே வருவோம். சாயங்காலம் லேப் வாசலில் நிற்கிறேன். எனக்கு ஒரு சிரமமும் இல்லை அம்மா, பழக்கம்தானே. உன் அம்மாவின் நம்பரைக் கொடு, நானே பேசிச் சொல்கிறேன். அவர்களுக்கும் நிம்மதியாக இருக்கும், பெண்ணோடு ஒரு பெரியவள் இருக்கிறாள் என்று.

கூச்சப்படாதே.

இதோ நம் பஸ் வந்துவிட்டது. கூட்டம் இல்லை, நல்லவேளை. எழுந்திரு. பையை எடுத்துக்கொள். கால் வைக்கும்போது அந்த இடைவெளியைப் பார்த்து வை. நான் ஏறிவிட்டேன், வா.

ஏனம்மா உட்கார்ந்தே இருக்கிறாய்?

அடுத்ததிலா? அடுத்ததும் இதே வழியில்தானே போகும்? வா அம்மா, கதவு மூடப்போகிறது. வா.